ஃபை, சை, ராமச்சந்திரன் பிளாட்: திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்கள்

பயோகெமிஸ்ட்ரி படிக்கிற ஜூனியர்ஸ், நெட், கேட் எக்ஸாமுக்குத் தயாராகுறவங்கன்னு யார் வந்தாலும் ப்ரோட்டீன் ஸ்ட்ரக்சர்ல அதே சில இடங்கள்லதான் மாட்டிக்கிறாங்க. அதனால கேட்ட கேள்விகளை கேட்ட மாதிரியே போட்டு கீழ பதில் எழுதிட்டேன். ஆரம்பம் ஈஸியா இருக்கும், போகப்போக வில்லங்கமான கேள்வியெல்லாம் வரும். மேல சொன்னதை கீழ மறுபடி சொல்லல, நடுவுல குதிச்சுப் படிச்சீங்கன்னா சில இடம் இடிக்கும்.

அக்கா, "பாண்ட் ஆங்கிள் தான் செகண்டரி ஸ்ட்ரக்சரை முடிவு பண்ணுது"ன்னு நோட்ஸ்ல இருக்கு. ஃபை, சை ரெண்டும் பாண்ட் ஆங்கிள் தானே?

இல்லப்பா. செகண்டரி ஸ்ட்ரக்சர்னா ப்ரோட்டீன் செயின் ஹெலிக்ஸா (சுருளா) சுருள்றது, ஷீட்டா (தகடா) நீட்டி நிக்கிறது மாதிரியான அமைப்பு. பாண்ட் ஆங்கிள்னா மூணு அணு சேர்ந்து பண்ற கோணம். நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன் (சைடு செயின் ஒட்டியிருக்கிற கார்பன்), கார்பனைல் கார்பன் (ஆக்ஸிஜனோட டபுள் பாண்ட்ல இருக்கிறது) இந்த மூணுக்கும் நடுவுல 110, 111 டிகிரி கிட்ட இருக்கும், சில டிகிரி முன்ன பின்ன, அவ்வளவுதான். ஹீமோகுளோபின்ல எடுத்தாலும் அதேதான், பட்டு நூல்ல எடுத்தாலும் அதேதான். எங்கேயும் மாறாத ஒண்ணை வச்சு இது ஹெலிக்ஸ், அது ஷீட்னு எப்படிப் பிரிக்க முடியும்?

ஃபை, சை ரெண்டும் டார்ஷன் ஆங்கிள், டைஹெட்ரல்னும் சொல்வாங்க. இதுக்கு நாலு அணு வேணும். நடு ரெண்டு அணுவைச் சேர்க்கிற பாண்டை கண்ணுக்கு நேரா வச்சு அது வழியா பாருங்க, முன்னாடி இருக்கிற அணு ஒரு பக்கம் நீட்டிட்டிருக்கும், பின்னாடி இருக்கிற அணு வேற பக்கம் நீட்டிட்டிருக்கும், அந்த ரெண்டுக்கும் இடையில எவ்வளவு திருகல் இருக்குன்னு சொல்றதுதான் டார்ஷன். ஒண்ணை ஒண்ணு மறைச்சா 0, நேர் எதிரா நின்னா 180. பின்னாடி உள்ளது கடிகாரச் சுத்துல தள்ளியிருந்தா ப்ளஸ், எதிர்ச்சுத்துல இருந்தா மைனஸ். பாண்டோட நீளமும் மாறாது, பாண்ட் ஆங்கிளும் மாறாது, திருகல் மட்டும்தான் மாறும்.

ஃபை எது, சை எதுன்னு எப்பவும் மாத்தி எழுதிடுறேன். ஞாபகம் வச்சுக்க ஏதாச்சும் வழி?

பேக்போன்ல, அதாவது செயினோட முதுகெலும்புல, மூணே அணுதான் திரும்பத் திரும்ப வரும்: நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன், கார்பனைல் கார்பன். நைட்ரஜனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் நடுவுல இருக்கிற பாண்ட் சுத்துறது ஃபை. ஆல்ஃபா கார்பனுக்கும் கார்பனைல் கார்பனுக்கும் நடுவுல இருக்கிறது சுத்தினா சை. மிச்சம் இருக்கிறது ஒரு அமினோ ஆசிட்டை அடுத்ததோட கோக்கிற பெப்டைட் பாண்ட், அது சுத்தினா ஒமேகா. செயினை நைட்ரஜன் முனையிலேருந்து படிச்சுட்டு வந்தா ஃபை, சை, ஒமேகான்னு வரிசையாவே வரும்.

இதுல ஒரு சின்ன விஷயம் பாருங்க. செயின்ல இருக்கிற ஒவ்வொரு அமினோ ஆசிட்டும் ஒரு ரெசிட்யூ. ஃபைக்கு முதல் அணு முந்தின ரெசிட்யூவோட கார்பனைல் கார்பன். சைக்கு கடைசி அணு அடுத்த ரெசிட்யூவோட நைட்ரஜன். அதனால செயினோட முதல் ரெசிட்யூவுக்கு ஃபை கிடையாது, கடைசி ரெசிட்யூவுக்கு சை கிடையாது. எக்ஸாம்ல இதைக் கேப்பாங்க.

ஒமேகா மட்டும் ஏன் சுத்தாது? சிங்கிள் பாண்ட் தானே போட்டிருக்கோம்?

போடுறது சிங்கிள் பாண்டா போடுறோம், உண்மையில அது பாதி டபுள் பாண்ட். நைட்ரஜன் கிட்ட இருக்கிற தனி எலக்ட்ரான் ஜோடி கார்பனைல் பக்கம் சாயுது. அளந்து பார்த்தா பெப்டைட் பாண்ட் நீளம் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா 0.1 நானோமீட்டர்), பக்கத்துலயே இருக்கிற நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன் பாண்ட் 1.46 கிட்ட. அதனால பெப்டைட் பாண்டைச் சுத்தி ஆறு அணு ஒரே தளத்துல தட்டையா உக்காந்துக்கும், ஒமேகா 180-ஐ விட்டு பெருசா நகராது. 0-க்கு வந்தா சிஸ், அதாவது ரெண்டு ஆல்ஃபா கார்பனும் ஒரே பக்கம். ப்ரோலினுக்கு முன்னாடி இருக்கிற பெப்டைட் பாண்ட்ல மட்டும் சுமார் 5 சதவீதம் சிஸ் பார்க்கலாம், மத்த இடத்துல ரொம்ப ரொம்ப அபூர்வம்.

இந்தத் தட்டையை நம்பினதாலதான் லைனஸ் பாலிங் ஜெயிச்சார். 1948-ல ஆக்ஸ்ஃபோர்டுல உடம்பு சரியில்லாம படுத்திருந்தப்போ பேப்பர்ல செயினை வரைஞ்சு, பெப்டைட் குரூப்பை தட்டையாவே வச்சுக்கிட்டு ஆல்ஃபா கார்பன்ல மட்டும் மடிச்சுப் பார்த்தார், ஹெலிக்ஸ் வந்துடுச்சு. பேப்பரா வெளியிட்டது 1951-ல, கோரி, ப்ரான்சன் கூட சேர்ந்து. அதுக்கு முந்தின வருஷம்தான் கேம்ப்ரிட்ஜ்ல பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் மூணு பேரும் சாத்தியமான செயின் அமைப்பெல்லாம் லிஸ்ட் போட்டிருந்தாங்க. பெப்டைட் தட்டையா இருக்கணும்னு கண்டிஷன் வைக்கல, ஒரு சுத்துக்கு முழு எண்ணிக்கையில ரெசிட்யூ இருக்கணும்னு வேற நினைச்சுட்டாங்க, சரியானது அதுல வரவே இல்ல.

ரெண்டே ரெண்டு நம்பர் எப்படிக்கா ஒரு ஹெலிக்ஸை உண்டாக்கும்? இதுதான் எனக்கு சுத்தமா புரியல.

இது புரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா வரும், அதனால நிதானமா படிங்க. பெப்டைட் குரூப் தட்டைன்னு பார்த்தோம் இல்லையா, அதை ஒரு சீட்டுக்கட்டு சீட்டுன்னு வச்சுக்கோங்க. செயின்ங்கிறது மூலையோட மூலை கோத்த சீட்டு வரிசை. கோத்த இடம் ஆல்ஃபா கார்பன், ஒரு ஆல்ஃபா கார்பன்லேருந்து அடுத்ததுக்கு 3.8 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு மூலையிலயும் ரெண்டு திருகல் பண்ணலாம், ஒண்ணு ஃபை, ஒண்ணு சை. வேற எதுவும் உங்க கையில இல்ல.

இப்போ எல்லா மூலையிலயும் ஒரே ஃபை, ஒரே சை வைங்க. ஒரு சீட்டிலேருந்து அடுத்த சீட்டுக்குப் போக என்ன திருப்பம், என்ன நகர்வு தேவைப்படுதோ அதேதான் அடுத்ததுக்கும், அதுக்கு அடுத்ததுக்கும். அதே திருப்பத்தையும் அதே நகர்வையும் திரும்பத் திரும்ப செஞ்சுட்டே போனா வர்றது ஹெலிக்ஸ். இது கெமிஸ்ட்ரி கூட இல்ல, வெறும் ஜியாமெட்ரி. எந்த ஃபை, சை ஜோடியை எடுத்து ரிப்பீட் பண்ணாலும் ஏதோ ஒரு ஹெலிக்ஸ்தான் வரும், ஓவரா சுருண்டு ஒண்ணு மேல ஒண்ணு மோதுற ஹெலிக்ஸா கூட இருக்கலாம்.

-57, -47 வச்சு ரிப்பீட் பண்ணா ஒவ்வொரு ரெசிட்யூவும் அச்சைச் சுத்தி 100 டிகிரி திரும்பி, அச்சோட திசையில 1.5 ஆங்ஸ்ட்ராம் ஏறும். 360-ஐ 100-ஆல வகுத்தா 3.6, ஒரு சுத்துக்கு 3.6 ரெசிட்யூ, 1.5-ஆல பெருக்கினா 5.4 ஆங்ஸ்ட்ராம் பிட்ச். ஆல்ஃபா ஹெலிக்ஸ் ரெடி. -120, +120 பக்கம் போனா ஒவ்வொரு ரெசிட்யூவும் கிட்டத்தட்ட 180 திரும்பி 3.3 ஆங்ஸ்ட்ராம் ஏறும், சுத்துக்கு ரெண்டே ரெசிட்யூ இருக்கிற நீட்டி இழுத்த ஹெலிக்ஸ், அதுதான் பீட்டா ஸ்ட்ராண்ட், இப்படிப் பல ஸ்ட்ராண்ட் பக்கம் பக்கமா சேர்ந்தா ஷீட். பீட்டாவை ஹெலிக்ஸ்னு சொன்னா சில பேர் சண்டைக்கு வர்றாங்க, ஆனா கணக்கு அப்படித்தான் சொல்லுது.

அப்போ எந்த ஜோடி வேணாலும் வரலாமே, ராமச்சந்திரன் பிளாட்ல ஏன் அவ்வளவு காலி இடம்?

ராமச்சந்திரன் பிளாட்னா ஃபையைப் படுக்கையாவும் சையை நெடுக்கையாவும் -180-லேருந்து +180 வரைக்கும் போட்ட படம், ஒவ்வொரு ரெசிட்யூவும் அதுல ஒரு புள்ளி. காலி இடத்துக்குக் காரணம் மோதல். அணுவுக்கெல்லாம் உடம்பு இருக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகாது. பிளாட்டோட நாலு பாய்ண்டை எடுத்து எது எது மேல இடிக்குதுன்னு கையால பார்த்துட்டா போதும், படத்தை மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.

ஃபை 0, சை 180 எடுங்க. முந்தின கார்பனைலோட ஆக்ஸிஜனும் இந்த ரெசிட்யூவோட ஆக்ஸிஜனும் ஒரே இடத்துக்கு வந்து நிக்கும். காலி. ஃபை 180, சை 0 எடுங்க. இந்த நைட்ரஜன்ல இருக்கிற ஹைட்ரஜனும் அடுத்த நைட்ரஜன்ல இருக்கிற ஹைட்ரஜனும் முட்டிக்கும். காலி. ரெண்டும் 0 வைங்க, முந்தின ஆக்ஸிஜனும் அடுத்த ஹைட்ரஜனும் முட்டும். ரெண்டும் 180 வச்சா முழுசா நீட்டின செயின், மோதல் இல்ல, அதனால மேல இடது மூலை திறந்தே இருக்கு.

அடுத்து சைடு செயின். ஃபை +120 பக்கம் வரும்போது பீட்டா கார்பன் (சைடு செயினோட முதல் கார்பன்) முந்தின கார்பனைலை நேரா மறைச்சு நிக்கும், அதோட ஆக்ஸிஜன் மேல மோதும். ஃபை -60-ல அதே பீட்டா கார்பன் நேர் எதிர்ப்பக்கம் போயிடும், நிம்மதி. இதனாலதான் பிளாட்டோட வலது பாதி கிட்டத்தட்ட பாலைவனம், +60 பக்கத்துல மட்டும் ஒரு சின்னத் தீவு. மொத்தமா பார்த்தா தளத்துல முக்கால்வாசி இடம் இப்படி மோதலாலயே போயிடுது. எனர்ஜி கணக்கு, குவாண்டம் எதுவும் வேணாம், அணுக்களுக்கு நடுவுல குறைஞ்சது எவ்வளவு தூரம் வேணும்ங்கிற ஒரு டேபிள் போதும். உதாரணத்துக்கு ரெண்டு ஹைட்ரஜனுக்கு சாதாரணமா 2.0 ஆங்ஸ்ட்ராம், ரொம்ப நெருக்கினா 1.9. பிளாட்ல உள்கோடு, வெளிக்கோடுன்னு ரெண்டு எல்லை போட்டிருக்கே, அது இந்த ரெண்டு லிமிட்டுக்கும் தனித்தனியா போட்டதுதான்.

ராமச்சந்திரன் இதை நம்ம மெட்ராஸ்லயா பண்ணார்? ஏன் இதைப் பண்ணணும்னு தோணுச்சு?

ஆமா, மெட்ராஸ் யுனிவர்சிட்டியிலதான். ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூணு பேர் பேர்லயும் 1963-ல வந்துச்சு. பிளாட்டுக்கு ஒருத்தர் பேர் மட்டும் நிலைச்சுடுச்சு, மத்த ரெண்டு பேரையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க.

கதை தோல், எலும்புல இருக்கிற கொலாஜன்ங்கிற ப்ரோட்டீன்லேருந்து ஆரம்பிக்குது. 1952-ல மெட்ராஸ் வந்த எக்ஸ்ரே கிரிஸ்டல் ஆராய்ச்சியாளர் பெர்னால் கொலாஜனோட அமைப்பு இன்னும் தீரலன்னு பேச்சுவாக்குல சொல்ல, அடையாறுல தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலயே இருந்ததால சாம்பிளுக்கு வழி கிடைச்சுது. 1954-ல ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் மூணு செயின் சேர்ந்த ட்ரிபிள் ஹெலிக்ஸ் மாடலை நேச்சர்ல போட்டாங்க, அடுத்த வருஷம் திருத்தினாங்க. அதே 1955-ல ரிச், கிரிக் ரெண்டு பேரும் இன்னொரு மாடலைக் கொண்டு வந்து, மெட்ராஸ் மாடல்ல சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்கு, ஒத்துக்க முடியாதுன்னு விமர்சனம் வச்சாங்க. சரி, ரொம்ப நெருக்கம்னா எவ்வளவு? அதுக்கு யார்கிட்டயும் உருப்படியான டேபிள் இல்ல. அதுவரைக்கும் தெரிஞ்ச கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர்களை அலசி அந்தத் தூரங்களை எடுத்தாங்க, எடுத்ததை ரெண்டு பெப்டைட் இருக்கிற ஒரு சின்னத் துண்டு மேல போட்டுப் பார்த்தாங்க, பிளாட் பிறந்துச்சு. அப்போ ப்ரோட்டீன் ஸ்ட்ரக்சர்னு பெருசா இருந்ததே மையோகுளோபினும் ஹீமோகுளோபினும்தான். இன்னைக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல ஸ்ட்ரக்சர் வந்தாச்சு, பிளாட்டோட எல்லைகள் கொஞ்சம் வளைஞ்சிருக்கே தவிர படம் அதேதான்.

ஒரு புக்ல ஆல்ஃபா ஹெலிக்ஸ் -57, -47, இன்னொண்ணுல -63, -42. எதை எழுதுறது?

ரெண்டும் சரி. முதல் ஜோடி மாடல் கட்டி வந்த ஐடியல் நம்பர், ரெண்டாவது நிஜ ஸ்ட்ரக்சர்கள்ல அளந்து எடுத்த சராசரி. கூட்டிப் பாருங்க, ரெண்டுமே -105 பக்கம் வரும். சுத்துக்கு எத்தனை ரெசிட்யூங்கிறதை பெரும்பாலும் இந்தக் கூட்டுத்தொகைதான் முடிவு பண்ணுது, அதனால ஃபை கொஞ்சம் இறங்கினா சை அந்த அளவுக்கு ஏறி ஈடுகட்டிடும், ஹெலிக்ஸ் கெடாது. ஆல்ஃபா பகுதியில புள்ளியெல்லாம் சாய்வா ஒரு கோடு மாதிரி பரவியிருக்கிறதுக்கு காரணம் இதான்.

கூட்டுத்தொகை -75 கிட்ட வந்தா இறுக்கமான த்ரீ-டென் ஹெலிக்ஸ், ஹைட்ரஜன் பாண்ட் மூணு ரெசிட்யூ தள்ளி. ஆல்ஃபால நாலு தள்ளி. -130 பக்கம் போனா அகலமான பை ஹெலிக்ஸ், அஞ்சு தள்ளி. பீட்டாவுக்கு ஆன்டிபேரலல் (பக்கத்து ஸ்ட்ராண்ட் எதிர்த்திசையில ஓடுறது) -139, +135, பேரலல் (ஒரே திசை) -119, +113. கொலாஜன் செயின் -75, +145 பக்கம். எக்ஸாமுக்கு இது போதும். ஒரு டிகிரி, ரெண்டு டிகிரிக்கெல்லாம் அலட்டிக்காதீங்க.

ஆல்ஃபா ஹெலிக்ஸ் ஏன் எப்பவும் வலது கை? இடது கையில சுத்தினா ஹைட்ரஜன் பாண்ட் வராதா?

தாராளமா வரும். +57, +47 வச்சா அச்சு அசலா கண்ணாடி பிம்பம் மாதிரி இடது கை ஹெலிக்ஸ் வரும், பேக்போன் ஹைட்ரஜன் பாண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். பிரச்சனை பேக்போன்ல இல்ல, பீட்டா கார்பன்ல. நம்ம ப்ரோட்டீன்ல இருக்கிறதெல்லாம் எல் வகை அமினோ ஆசிட் (இதோட கண்ணாடி பிம்பம்தான் டி வகை), பீட்டா கார்பன் ஒரு குறிப்பிட்ட பக்கம்தான் நீட்டும், இடது கையில அது கார்பனைல் பக்கம் நெருக்கிட்டு வந்துடும். மேல சொன்ன சின்னத் தீவு இருக்கே, அது இந்த இடம்தான். ஒண்ணு ரெண்டு ரெசிட்யூ அங்க வந்து போகும், குறிப்பா அஸ்பராஜின், கிளைசின். நீளமா ஹெலிக்ஸா ஓடுறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

டி அமினோ ஆசிட் வச்சா?

பிளாட் அப்படியே தலைகீழ். ஃபை, சை ரெண்டோட குறியையும் மாத்திக்கோங்க, அவ்வளவுதான். டி அமினோ ஆசிட் மட்டும் வச்சு செஞ்ச செயின் இடது கை ஆல்ஃபா ஹெலிக்ஸா சுருளும்.

பீட்டா ஷீட்டை புக்ல மடிச்ச பேப்பர் மாதிரி நேரா போட்டிருக்காங்க, பைமோல் சாஃப்ட்வேர்ல பார்த்தா முறுக்கிட்டு இருக்கு. எது நிஜம்?

பைமோல்ல பார்த்ததுதான் நிஜம். ஷீட் நேரா இருக்கணும்னா ஒவ்வொரு ரெசிட்யூவும் கரெக்டா 180 திரும்பணும், அதுக்கு ஃபையும் சையும் ஏறக்குறைய ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கணும், -120-ன்னா +120. ஆனா எல் அமினோ ஆசிட்களுக்கு சௌகரியமான இடம் அந்தக் கோட்டு மேல சரியா உக்காரல, சை கொஞ்சம் அதிகமா, +130, +135 பக்கம் இருக்கு. ரெசிட்யூவுக்கு ரெசிட்யூ சின்னச் சின்னதா மிச்சம் சேர்ந்து முழு ஷீட்டும் ஒரே பக்கமா முறுக்கிக்குது. பீட்டா பேரல் மூடி உருளையா ஆகுறதுக்கும் இந்த முறுக்கு உதவுது.

கிளைசினுக்கும் ப்ரோலினுக்கும் மட்டும் ஏன் தனி பிளாட்?

கிளைசினுக்கு பீட்டா கார்பனே கிடையாது. பாலைவனத்தை உண்டாக்கின ஆள் இல்ல, அதனால வலது பாதியும் திறந்துடும், பிளாட் ரெண்டு பக்கமும் சமமா இருக்கும். ப்ரோலின் நேர் எதிர், சைடு செயின் வளைஞ்சு வந்து சொந்த நைட்ரஜனையே பிடிச்சுக்கும், ஃபை -65 பக்கத்துல பூட்டிக்கும். ஹெலிக்ஸுக்கும் அதே ஃபைதானே, ஏன் ப்ரோலின் ஹெலிக்ஸ் பிரேக்கர்னு கேட்டா, அதுக்கு நைட்ரஜன்ல ஹைட்ரஜன் இல்ல, பாண்ட் குடுக்க முடியாது, அது போக அதோட வளையம் முந்தின ரெசிட்யூவை ஆல்ஃபா பகுதிக்குள்ள சரியா வரவிடாம இடிக்கும். அதனாலதான் ப்ரோலினுக்கு முன்னாடி இருக்கிற ரெசிட்யூவுக்கும் தனி பிளாட் போடுறாங்க. ஹெலிக்ஸோட முதல் சுத்துல ப்ரோலின் இருந்தா தொந்தரவில்ல, அங்க நைட்ரஜன் பக்கத்து ஹைட்ரஜனுக்கு வேலையே இல்ல.

ரெண்டும் சேர்ந்து வேலை செய்ற இடம் கொலாஜன். ப்ரோலின் நிறைய இருக்கிறதால ஒவ்வொரு செயினும் இடது கையா, சுத்துக்கு மூணு ரெசிட்யூன்னு சுருளும், அப்போ ஒவ்வொரு மூணாவது ரெசிட்யூவும் மூணு செயின் சேர்ற நடு அச்சுல வந்து விழும். அங்க கிளைசினைத் தவிர வேற எதுக்கும் இடம் இல்ல. ஒரே ஒரு கிளைசின் மாறி வேற அமினோ ஆசிட் வந்தாலே எலும்பு சும்மா சும்மா உடையற ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா வரலாம்.

டர்ன்ல ஃபை, சை ஒரே மாதிரி ரிப்பீட் ஆகலையே, அதுவும் செகண்டரி ஸ்ட்ரக்சரா?

ஆமா, ரிப்பீட் ஆகாத செகண்டரி ஸ்ட்ரக்சர். டர்ன்னா செயின் சட்டுனு திரும்புற வளைவு. பீட்டா டர்ன்ல நாலு ரெசிட்யூ, நடு ரெண்டோட கோணம்தான் முக்கியம். டைப் 1-ல -60, -30, அப்புறம் -90, 0. டைப் 2-ல -60, +120, அப்புறம் +80, 0.

இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் ஃபை மாறல, கடைசி சை மாறல, நடுவுல இருக்கிற சையும் அடுத்த ஃபையும் மட்டும் மாறியிருக்கு. ஒரே ஒரு பெப்டைட் சீட்டு குப்புறப் புரண்டிருக்கு, அவ்வளவுதான். இதனால டைப் 2-ல மூணாவது ரெசிட்யூவோட ஃபை ப்ளஸ்ஸுக்குப் போயிடுது, அங்க யார் வசதியா இருப்பாங்க? கிளைசின். டைப் 2-ன்னா மூணாவது இடம் கிளைசின்னு தனியா மனப்பாடம் பண்றாங்களே, அதுக்கு அவசியமே இல்ல.

எங்க சார் ஹைட்ரஜன் பாண்ட் தான் செகண்டரி ஸ்ட்ரக்சரை உண்டாக்குதுன்னு சொல்றார், நீங்க ஆங்கிள்ங்கிறீங்க. யார் சொல்றது சரி?

சார் சொல்றதும் சரிதான். மோதல் என்ன பண்ணுதுன்னா வேண்டாததைத் தள்ளுது, மிச்சம் சில பகுதிகளை விடுது. அந்தப் பகுதிகளுக்குள்ள எந்த ஜோடியை ரிப்பீட் பண்ணா பேக்போனோட கார்பனைலும் அமைடும் கச்சிதமா ஒண்ணையொண்ணு பார்க்குதோ அது நிலைக்குது. ப்ரோட்டீனோட உள்பக்கம் தண்ணி இல்ல, பேக்போன் குரூப் ஜோடி இல்லாம கிடந்தா நஷ்டம், அதனால ஹெலிக்ஸ் இல்லைன்னா ஷீட்னு போயிடுது. கொலாஜன் செயினோட அமைப்பை பாருங்க, ஒரே செயினுக்குள்ள ஹைட்ரஜன் பாண்டே இல்ல, ஆனாலும் அந்த ஆங்கிள் பகுதி ஜோரா நிரம்பியிருக்கு. ஹைட்ரஜன் பாண்ட் மட்டும்தான் எல்லாம்னு சொன்னா இது இடிக்கும்.

இதுல ஒரு வேடிக்கை, ஸ்ட்ரக்சர் ஃபைலைப் பார்த்து இது ஹெலிக்ஸ், இது ஸ்ட்ராண்ட்னு லேபிள் ஒட்டுற டிஎஸ்எஸ்பி, 1983-ல கப்ஷும் சாண்டரும் எழுதினது, ஃபை சையை வச்சு முடிவே பண்றதில்ல, ஹைட்ரஜன் பாண்ட் எனர்ஜியை வச்சுதான் பண்ணுது. அதனால ஒரு ரெசிட்யூ ஆல்ஃபா பகுதியில புள்ளியா இருக்கும், டிஎஸ்எஸ்பி அதை ஹெலிக்ஸ்னு சொல்லாது. தனியா ஒரு ரெசிட்யூ -60, -45-ல இருந்தா அது ஹெலிக்ஸ் ஆகிடாது, பக்கத்துல வரிசையா நாலஞ்சு பேர் அதே மாதிரி இருக்கணும்.

அமினோ ஆசிட் சீக்வன்ஸைப் பார்த்தே ஆங்கிளைச் சொல்லிட முடியாதா?

ஓரளவுக்கு. வேலின், ஐசோலூசின், த்ரியோனின் மூணும் பீட்டா கார்பன்லயே கிளை பிரியறதால ஹெலிக்ஸ்ல நெருக்கடி, பீட்டாவுக்கு சாயும். அலனின், லூசின், குளுட்டமேட் ஹெலிக்ஸ் பக்கம். 1974-ல சௌ, ஃபாஸ்மன் இந்த சாய்வுகளை நம்பராக்கி கணிக்கப் பார்த்தாங்க, சுமாராத்தான் வந்துச்சு. ஏன்னா சாய்வுங்கிறது பக்கத்து வீட்டு நிலவரத்தை மீறாது. அதே கப்ஷும் சாண்டரும் 1984-ல காட்டினாங்க, ஒரே அஞ்சு ரெசிட்யூ சீக்வன்ஸ் ஒரு ப்ரோட்டீன்ல ஹெலிக்ஸா இருக்கு, இன்னொண்ணுல ஸ்ட்ராண்டா இருக்கு.

சீக்வன்ஸ்லேருந்து ஸ்ட்ரக்சரைக் கணிக்கிற ஏஐ ப்ரோக்ராம் ஆல்ஃபாஃபோல்ட் பத்தியும் கேக்குறாங்க. ஆல்ஃபாஃபோல்ட் 2 பேக்போனை ஃபை, சை லிஸ்ட்லேருந்து கட்டுறதில்ல, ஒவ்வொரு ரெசிட்யூவையும் தனித்தனித் துண்டா வச்சு நகர்த்தி, திருப்பிச் சேர்க்குது. ஆங்கிள் லிஸ்ட்ல கட்டுறதுல என்ன சிக்கல்னா நடுவுல ஒரு சைல 10 டிகிரி பிசகினாலும் அந்த அச்சுலேருந்து 50 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கிற அணு 9 ஆங்ஸ்ட்ராம் கிட்ட நகர்ந்துடும்.

இந்த ஆங்கிளை நேரா அளக்க முடியுமா? சிடி எடுத்தா வந்துடுமா?

சிடியில (சர்குலர் டைக்ராயிசம், வட்டமா துருவப்படுத்தின ஒளியை ப்ரோட்டீன் எப்படி உறிஞ்சுதுன்னு பார்க்கிற முறை) வராது. 208, 222 நானோமீட்டர்ல ரெண்டு பள்ளம் இருந்தா ஹெலிக்ஸ் நிறைய, 218 பக்கம் ஒரு பள்ளம்னா பீட்டான்னு மொத்தமா சொல்லும், எந்த ரெசிட்யூ எங்கன்னு சொல்லாது. எக்ஸ்ரே, கிரையோ இஎம்ல அணுக்களோட இடம் கிடைச்சதும் ஆங்கிள் கணக்கா வருது. என்எம்ஆர்ல மட்டும்தான் ஃபையைக் கொஞ்சம் நேரடியா தொடலாம், அமைட் ஹைட்ரஜனுக்கும் ஆல்ஃபா ஹைட்ரஜனுக்கும் நடுவுல இருக்கிற கப்ளிங் ஹெலிக்ஸ்ல 4 ஹெர்ட்ஸ் கிட்ட, பீட்டால 8-லேருந்து 10 வரைக்கும்.

என் மாடல்ல ரெண்டு ரெசிட்யூ அவுட்லையர்னு வந்திருக்கு. மாடல் தப்பா?

அவுட்லையர்னா பிளாட்ல காலி இடத்துல விழுந்த ரெசிட்யூ. ரெண்டுதானே, பதறாதீங்க, ஆனா விடவும் விடாதீங்க. நல்ல ஸ்ட்ரக்சர்ல 98 சதவீதம் ஃபேவர்ட் பகுதியில இருக்கணும், அவுட்லையர் 0.05 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ஸ்ட்ரக்சரைச் சரிபார்க்கிற மால்ப்ராபிட்டி ப்ரோக்ராம் எதிர்பார்க்குது. மாடலை டேட்டாவோட பொருத்துற ரெஃபைன்மென்ட் ப்ரோக்ராம் சாதாரணமா பாண்ட் நீளத்தையும் பாண்ட் ஆங்கிளையும் இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும், அதனால அது ரெண்டும் அழகா இருக்குன்னு சந்தோஷப்படுறதுல அர்த்தமில்ல. ஃபை, சையைத் தொடாம விட்டிருந்தா தப்பு அங்க வந்து எட்டிப் பார்க்கும். சில பேர் ராமச்சந்திரன் ரெஸ்ட்ரெய்ன்ட் போட்டு புள்ளிகளை உள்ள தள்ளிட்டு ரிப்போர்ட் க்ளீன்னு காட்டுறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது, தெர்மாமீட்டரையே மாத்தி எழுதுற வேலை.

முதல்ல டென்சிட்டியைப் பாருங்க, அதாவது டேட்டாலேருந்து வர்ற, அணு எங்க இருக்குன்னு காட்டுற மேப்பை. டென்சிட்டி மங்கலா இருக்கிற லூப்ல அவுட்லையர்னா சந்தேகப்படுங்க, அனேகமா பெப்டைட் புரண்டிருக்கும். டென்சிட்டி பளிச்னு இருந்து, அந்த ரெசிட்யூ ஆக்டிவ் சைட்ல (என்சைம் வேலை செய்ற இடத்துல) இருந்தா நிஜமாவே இருக்கலாம். ஆல்ஃபா-பீட்டா ஹைட்ரோலேஸ் என்சைம் குடும்பத்துல வேலை செய்ற செரின் +60, -120 பக்கத்துல, இருக்கக் கூடாத இடத்துல உக்காந்திருக்கும். அந்தக் கூர்மையான வளைவுக்காக ப்ரோட்டீன் சுத்தி சின்ன ரெசிட்யூவா வச்சு, மத்த இடத்துல கிடைக்கிற ஸ்திரத்துலேருந்து விலை குடுத்து அதை அங்க பிடிச்சு வச்சிருக்கு.

கடைசியா ஒண்ணு. லைப்ரரியில பழைய பேப்பர் எடுத்தேன், ஆல்ஃபா ஹெலிக்ஸ் 123, 133-ன்னு இருக்கு. பிரிண்டிங் மிஸ்டேக்கா?

மிஸ்டேக் இல்ல. 1963 பேப்பர் காலத்துல முழுசா நீட்டின செயினை 0, 0-ன்னு வச்சு அளந்தாங்க, பிளாட்டும் 0-லேருந்து 360 வரைக்கும் ஓடும். 1970 வாக்குல கெமிஸ்ட்ரி பேர், குறியீட்டு விதிகளை வகுக்கிற ஐயுபேக் விதியை மாத்தி நீட்டின செயினை 180, 180 ஆக்கிட்டாங்க. பழைய நம்பர்லேருந்து 180-ஐக் கழிங்க, 123 வந்து -57 ஆகும், 133 வந்து -47 ஆகும். பழைய பேப்பர் எதை எடுத்தாலும் முதல்ல எந்த வருஷம்னு பார்த்துட்டு அப்புறம் நம்பரை நோட்ஸ்ல ஏத்துங்க.